புள்ளிவிபரம்

முதல் நாள் இரவு
நான் அதற்குத் தட்டியது இவ்வளவுதான்:
விடை சொல்லாதே.
பிள்ளைகள் கெஞ்சினாலும் சொல்லாதே.
ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேள்,
பிறகு பேசாமல் இரு.
சரி என்றது.
இருபத்திரண்டு வருடமாய்
கரும்பலகை முன்னால் நின்று
ஒருநாளும் நான் சொல்லாத சரி.

மறுநாள், கோட்டை வாசலில்
தரம் பத்துப் பிள்ளைகள் ஆறு பேர்,
என் போன் ஒன்று,
முந்நூறு ரூபாய்க்கு டேட்டா.
கேள்வி நிதுர்சனாவுடையது:
எங்கட ஊரில எத்தனை மான்?

பஸ் நிலையத்தில் வரிசைக்கு நிற்கிற மான்.
கச்சேரி மதிலோடு படுத்து
அசைபோடுகிற மான்.
மீன் சந்தைக்குப் பின்னால்
சொப்பிங் பை மெல்லுகிற மான்.
கோணேசர் மலை ஏறும் வழியில்
அர்ச்சனைத் தட்டுக்கு மூக்கு நீட்டுகிற மான்.

அபிசாயன் தட்டினான்: எத்தனை?
அது கேட்டது:
காலையில் எண்ணிய மான்
மாலையில் வேறு தெருவில் நின்றால்
அதே மான் என்று எப்படி அறிவீர்கள்?

எனக்குத் தெரியும்.
சூத்திரம் நாக்கு நுனியில்,
பெயரோடு, நிறுவலோடு,
பரீட்சைக்கு வந்த வருடங்களோடு.
மீன் முள்ளைப் போல அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு
டச்சுக் குடாப் பக்கம் திரும்பி நின்றேன்.
ஒரு வள்ளம்.
போகிறதா வருகிறதா,
தெரியவில்லை.

மெரிஸ்டன்தான் முதலில் குந்தினான்.
"ரீச்சர், இதின்ர காதில வெட்டு இருக்கு."
"இதுக்குத் தோளில புள்ளி கோணல்."
பொழுது ஏறுவதற்குள்
முப்பத்திநாலு மானுக்குப் பெயர் விழுந்தது:
வெட்டுக்காது, ஒற்றைக்கொம்பன், சீனிப்பாணி,
அதிபர்.
அதிபர் ஏன் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் ஒற்றைக்கொம்பன்
கணக்கு எழுதிய தாளைத் தின்றுவிட்டது.

தரவு எங்கே என்று அது கேட்க
"மான்ட வயித்தில" என்று தட்டினாள் நிதுர்சனா.
திரையில் மூன்று புள்ளி,
கொஞ்ச நேரம்.
பிறகு: எது நினைவில் இருக்கிறது?
எல்லாம் இருந்தது. பெயர் வைத்தவர்கள் அல்லவா,
முப்பத்திநாலையும் சொல்லிச் சொல்லி எழுதினார்கள்,
அதிபரை இரண்டு தரம் எழுதி
ஒன்றை வெட்டினார்கள்.

சனிக்கிழமை தூறல்.
கண்டது நாற்பத்திரண்டு,
அதில் தெரிந்த முகம் பன்னிரண்டு.
அப்போதுதான் அது பிழை விட்டது:
பனிக்காலம் முடிய மான்கள் கொம்பு உதிர்க்கும்,
அதுவரை கொம்பை அடையாளமாய் நம்பலாம்.
"இங்க பனி எங்க?" என்றாள்,
பின்வாங்கில் இருந்து
பலகையில் உள்ளதை மட்டும் பார்த்தெழுதுகிற பிள்ளை.
"போன மாசம் எங்கட மதிலடியில ஒரு கொம்பு கிடந்தது.
அதுக்கு முதல் மாசியிலயும்.
நினைச்ச நேரம் விழும்."
நீங்கள் சொல்வது சரி, என்றது.
நான் உங்கள் ஊரைப் பார்த்ததில்லை.

நிமிர்ந்தாள்.
எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.
"அப்ப ஒற்றைக்கொம்பன்
மற்றக் கொம்பையும் போட்டால்
நாங்கள் அவனைப் புது மான் எண்டு எண்ணுவம்."

அந்த வரியை நான் எந்தக் கொப்பியிலும்
எழுதிக் கொடுத்ததில்லை.

நாற்பத்திரண்டில் பன்னிரண்டு,
ஏழில் இரண்டு பங்கு.
ஈரத் தரையில் குச்சியால் கீறினான் அபிசாயன்:
முப்பத்திநாலு இரண்டு பங்கென்றால்
ஒரு பங்கு பதினேழு.
ஏழு பங்கு
நூற்றிப் பத்தொன்பது.

மெரிஸ்டனின் அப்பா இரவு அழைத்தார்:
இதால இசட் புள்ளி கூடுமோ?
கூடாது என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"நூற்றிப் பத்தொன்பது சரியா ரீச்சர்?"
அன்று பின்னேரம் கேட்டார்கள், ஆறு பேரும்.
போனைப் பார்த்தேன், மூன்று வீதம் பற்றரி.
அதுவும் சொல்லாது.
எனக்குத் தெரியாது, என்றேன்.
வாயில் புதுச் சொல், கொஞ்சம் உப்பு.

வாசலடியில் ஒரு குட்டி,
காதில் வெட்டில்லை, தோளில் கோணலில்லை,
பட்டியலில் இல்லாதது,
வந்து போனை முகர்ந்து பார்த்தது.
தாள் இல்லை என்று கண்டு
நிதுர்சனாவின் கொப்பிப் பக்கம் திரும்பியது.